சீ என்றால் ஓம்

பிரான்காச்சோப் பகுதிப் பட்டறைக்காரர் சக்கர நாற்காலியைத் தலைகீழாகப் பிடித்து, திருத்திய சக்கரத்தை ஒருமுறை சுழற்றிக் காட்டினார். சத்தமே இல்லை. ஏர்னஸ்ற் சக்கரத்தைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கிய மணிக்கூட்டைப் பார்த்தார். பதினொன்று ஐம்பது.

“அத்தான், ஒரு கோப்பி குடிச்சிட்டுப் போவம்,” என்றான் பிறின்ஸ்.

“உனக்கு எப்பவும் கோப்பிதான். அங்கை சின்யோரா பன்னிரண்டரைக்கு மெஷினாலை இறங்குவா. இறங்கின கையோடை தலை சுத்தும். ஏறு, ஏறு.”

பிறின்ஸ், ஏர்னஸ்றின் மனைவி கிளறாவின் தம்பி. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் நாற்காலி தூக்க உதவிக்கு வந்தான். பட்டறைக்காரர் தானே அதைத் தூக்கி டிக்கியில் வைத்துவிட்டார். ஆகவே இப்போது அவன் வெறும் வாயாக மட்டும் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தான்.

கார் சின்யோரா அகாத்தாவுடையது. எண்பத்திரண்டு வயது, பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஏர்னஸ்ற் மன்னாரிலிருந்து பலெர்மோ வந்து பதினைந்து வருடம். அதில் ஒன்பது வருடம் அந்த வீட்டில். சமையல், மருந்து, குளிக்கவார்ப்பு, வாரத்தில் மூன்று நாள் இந்தப் பழைய வெள்ளைப் பாண்டா காரில் டயாலிசிஸுக்குக் கொண்டுபோய்க் கூட்டிவருவது எல்லாம் அவர்தான்.

இன்றைக்கு அவருக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. அது இந்த மூன்று வருடமாகவே இருக்கிற அவசரம். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு மூன்று வருடம். போன மாதம் ஒரு செய்தி வந்தது: பத்திரங்கள் சரி, பொலிஸ் பதிவுகளை ஒருமுறை பார்ப்பதுதான் பாக்கி. மகள் அனிற்றா மூன்று வயதில் தாயின் இடுப்பில் வந்தவள். வருகிற நவம்பரில் அவளுக்குப் பதினெட்டு. அதற்கு முன்னர் தகப்பனுக்குக் கிடைத்தால் மகளுக்கும் சேர்ந்தே கிடைக்கும். ஒரு நாள் பிந்தினாலும் அவள் தனியாக, முதலிலிருந்து, வரிசையின் வாலில் நிற்க வேண்டும். கிளறா அந்த மாதத்தின் பெயரைச் சொல்வதில்லை. ‘அதுக்கு முன்னம்’ என்றுதான் சொல்வாள். “அதுக்கு முன்னம் ஒரு எறும்பைக்கூட மிதிச்சுப்போடாதேங்கோ” என்று இன்று காலையும் படியிறங்கும்போது சொன்னாள்.

அவர் எறும்பை மிதிக்கிறவர் இல்லை. ஆனால் இந்த வருடம் மட்டும் ஏழு தடவை அவரை மறித்துவிட்டார்கள். சின்யோராவைக் கூட்டிவரத் தனியே போகும்போதுதான் மறிப்பார்கள். சின்யோரா காரில் இருக்கும்போது ஒருநாளும் இல்லை. பூசை முடிந்து மாதா கோவில் முற்றத்தில் ஆட்கள் கதைக்கும்போது இதைச் சொன்னார். அது அவங்கடை கடமை என்றார் ஒருவர். கோபாலசிங்கம், பூசைக்கு வராவிட்டாலும் பூசைக்குப் பிறகு கதைக்க வருகிறவர், “மறிக்கிறதுக்கும் சேத்துக் கால்மணித்தியாலம் முன்னுக்கே வெளிக்கிடுங்கோ, நான் அப்பிடித்தான்” என்றார். போன மாதம் வுச்சீரியாச் சந்தையில், அதே கோவிலுக்கு வரும் செலஸ்ரீனாவின் சங்கிலியை ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். முறைப்பாடு கொடுக்கச் சொன்னதற்கு அவள், “போனா முதல்லை கள்ளனையே கேப்பினம்? என்ரை பெர்மெஸ்ஸோவைத்தான் கேப்பினம்” என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டாள். பெர்மெஸ்ஸோ என்பது வதிவிட அனுமதி.

இன்று ஏர்னஸ்ற் கால்மணித்தியாலம் முன்னுக்கு வெளிக்கிடவில்லை. சக்கரம் பிந்திவிட்டது.

கோர்சோ தெய் மீல்லே வீதியில் ரயில் பாலத்துக்குக் கிட்டப் போனபோது அவர்களைக் கண்டார். பொலிஸ் கார் ஒன்று ஓரமாக நின்றது. பக்கத்தில் சீருடையில் இருவர். மூத்த ஆண் ஒருவர், இளம்பெண் ஒருத்தி. மூத்தவரின் கையில் வண்டி மறிக்கிற சிவப்பு வட்டத் தட்டு. பாண்டாவுக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டரில் இரண்டு பேர் தலைக்கவசம் இல்லாமல் போனார்கள். தட்டு அசையவில்லை. கூனைப்பூ மூட்டை ஏற்றிய மூன்றுசக்கர வண்டி ஒன்று பின்விளக்கு உடைந்து தொங்கத் தொங்கப் போனது. தட்டு அசையவில்லை. பிறகு எழுந்தது.

“எட்டு,” என்றான் பிறின்ஸ். “பத்து வந்தா அத்தானுக்கு ஒரு கோப்பை குடுப்பாங்கள்.”

“வாயைப் பொத்து.”

எஞ்சினை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கினார். இரண்டு கையையும் ஸ்ரியறிங்கின் மேல் வைத்தார். சிரிக்கவா வேண்டாமா என்பதுதான் ஒவ்வொரு தடவையும் உள்ள பிரச்சினை. ஒருமுறை சிரித்ததற்கு என்ன சிரிப்பு என்று கேட்டார்கள். அடுத்தமுறை சிரிக்காததற்கு ஏன் பதறுகிறாய் என்று கேட்டார்கள்.

“பத்திரங்களை எடு,” என்றார் மூத்தவர். இத்தாலியனிலும் நீ, நீங்கள் உண்டு. அவர் சொன்னது நீ.

ஓட்டுநர் அனுமதிப்பத்திரம், பெர்மெஸ்ஸோ, கார்ப் புத்தகம் மூன்றையும் ஏர்னஸ்ற் கொடுத்தார். மூத்தவர் கார்ப் புத்தகத்தைத் திறந்தார், பெயரைப் படித்தார், ஏர்னஸ்றின் முகத்தைப் பார்த்தார். பின்சீற்றில் கிடந்த தலையணையையும் போர்வையையும் பார்த்தார். டிக்கியைத் திறக்கச் சொன்னார்.

“இந்த நாற்காலி யாருடையது?”

“சின்யோராவுடையது.”

“சின்யோரா எங்கே?”

“டயாலிசிஸில். பன்னிரண்டரைக்கு முடியும். நான் போய்க் கூட்டிவர வேணும்.”

“சின்யோரா அங்கே, நாற்காலி இங்கே,” என்று மூத்தவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். டிக்கியைச் சாத்தினார். பிறகு புத்தகத்தைப் பார்த்தபடியே கேட்டார்: “இந்தக் கார் உன்னுடையது இல்லையே?”

“சீ,” என்றார் ஏர்னஸ்ற். தலையையும் ஆட்டினார்.

மூத்தவர் புத்தகத்தை மூடிக்கொண்டு தங்கள் காருக்குப் போனார்.

வந்த புதிதில் எல்லாருக்கும் இந்தச் சொல்லில் ஒரு தடக்கல் இருக்கும். ஊரிலே சீ என்றால் சண்டை, இங்கே சீ என்றால் சம்மதம் என்று பிறின்ஸ் இன்றைக்கும் பகிடி விடுவான். ஏர்னஸ்ற் அதைக் கடந்து கனகாலம். சீ என்றால் ஓம். அவ்வளவுதானே? ஓம், என்னுடையதில்லை. அதைத்தான் அவர் சொன்னார்.

பன்னிரண்டு இருபது. மூத்தவர் காருக்குள் இருந்து ரேடியோவில் கதைத்தார். ஏர்னஸ்ற் சின்யோராவின் கைபேசிக்கு எடுத்தார், அது அணைந்திருந்தது. மெஷினில் இருக்கும்போது அவர் அதைப் பூட்டி வைப்பார். டயாலிசிஸ் நிலையத்துக்கு எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

“சின்யோரா தன்ரைபாட்டிலை நடக்க வெளிக்கிட்டா விழுந்துபோவா,” என்றார்.

“விழமாட்டா. உங்களைப் பேசுறதுக்கெண்டே எழும்பி இருப்பா,” என்றான் பிறின்ஸ். பகிடிதான். ஆனால் சொல்லிவிட்டு அவனும் நேரத்தைப் பார்த்தான்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு மூத்தவர் ஒரு தாளுடன் வந்தார். அது வெர்பாலே, மறித்த இடத்திலேயே பொலிஸ் எழுதும் அறிக்கை. தாளைக் காரின் முன்மூடியில் வைத்து, பேனாவை நீட்டி, “கையெழுத்து” என்றார்.

ஏர்னஸ்ற் எதையும் படிக்காமல் கையெழுத்து வைப்பதில்லை. விரலை வைத்து மெல்லப் படித்தார். நான்காவது வரியில் விரல் நின்றது. ஓட்டுநர் இந்தக் கார் தன்னுடையது என்று அறிவித்தார். ஆவணங்களின்படி அது வேறொருவருடையது. ஆகவே அதிகாரியிடம் பொய் கூறியமை குறித்து மேலிடத்துக்கு அறிவிக்கப்படும்.

“நான் அப்படிச் சொல்லவில்லை.”

“கேட்டேன். ‘சீ’ என்றாய். இவள் காதிலும் விழுந்தது.”

இளம்பெண் தாளை எட்டிப் பார்த்தாள்.

பொலிஸ் பதிவுகளை ஒருமுறை பார்ப்பதுதான் பாக்கி. ஏர்னஸ்றுக்கு அந்த வசனம் அப்படியே காதில் கேட்டது. பார்க்கும்போது இந்தத் தாள் அங்கே கிடக்கும். ஒன்றுமில்லாததாகவே போகலாம், ஆனால் ஒன்றுமில்லை என்று தீர்க்க அவர்களுக்கு ஒரு வருடம் எடுக்கும். நவம்பருக்கு ஆறு மாதம்.

“அத்தான்,” பிறின்ஸ் தமிழில் குரலைத் தாழ்த்திக் கேட்டான், “அவன் உன்ரையோ எண்டு கேட்டவனோ, உன்ரை இல்லையே எண்டு கேட்டவனோ?”

“இல்லையே எண்டுதான் கேட்டவன். நான் ஓம் எண்டன்.”

“ஐயோ அத்தான். இல்லையே எண்டு கேட்டா இவங்களுக்கு நோ எண்டு சொல்லவேணும். நீங்கள் எங்கடை ஓமை எடுத்து இத்தாலியன் சட்டை போட்டு விட்டிட்டியள்.”

ஏர்னஸ்ற் அதை மூத்தவருக்கு விளங்கப்படுத்த முயன்றார். எங்கள் மொழியில், கேள்வியில் இல்லை இருந்தால், அது சரி என்பதற்கு ஓம் என்போம் என்றார். அவசரத்தில் இத்தாலியன் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. மூத்தவர் ஒரு கையால் நிறுத்தினார். “பதினைந்து வருடமாக இங்கே இருக்கிறாய். ‘சீ’ தெரியாதா உனக்கு?”

அப்போதுதான் இளம்பெண் முதல்முறையாக வாய் திறந்தாள். பலெர்மோக்காரி இல்லை, பேச்சின் ராகம் வேறு. பிறின்ஸின் பக்கம் திரும்பி, சாதாரணமாக, “உங்களிடம் ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் இல்லையா?” என்று கேட்டாள். நீங்கள் என்றாள்.

“சீ, சீ,” என்றான் பிறின்ஸ்.

“காட்டுங்கள்.”

“எதை?” பிறின்ஸ் திகைத்தான். “என்னட்டை இல்லையே.”

அவளுடைய வாயோரம் சற்றே அசைந்தது. மூத்தவரைப் பார்த்தாள். மூத்தவர் அவளைப் பார்க்கவில்லை. தாளின் மேல்மூலையில் அச்சிட்டிருந்த இலக்கத்தை விரலால் தட்டினார். “இதைக் கிழிக்க முடியாது. கையெழுத்து வைத்தாலும் போகும், வைக்காவிட்டாலும் போகும்.”

“அடியில் இடம் இருக்கிறது,” என்றாள் அவள் ஏர்னஸ்றிடம். “சொல்ல வேண்டியதை உங்கள் கையால் எழுதலாம்.”

சூடான முன்மூடியில் குனிந்து நின்று ஏர்னஸ்ற் எழுதினார். சீயும் இல்லாமல் நோவும் இல்லாமல் எழுத வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டார். கார் சின்யோரா அகாத்தாவுடையது. நான் அவரிடம் வேலை செய்கிறேன். மூன்று வரிக்கான இடத்தில் இரண்டு வரிதான் வந்தது. கையெழுத்து வைத்தார். பிரதியை வாங்கிக்கொண்டு புறப்படும்போது பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

சின்யோரா டயாலிசிஸ் நிலையத்தின் வாசல் வாங்கில் இருந்தார். வலது கையில் கட்டு. முகம் சுண்ணாம்பு நிறம். வாயில் வசை மட்டும் குறைவில்லாமல் இருந்தது. பிறின்ஸ் நாற்காலியை விரித்தான். ஏர்னஸ்ற் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தார். சின்யோரா தாளை வாங்கி, கையை முழு நீளத்துக்கு நீட்டி வைத்துக்கொண்டு படித்தார்.

“உன் சீ,” என்றார். ஒரு கணம் சிரிக்கப்போகிறார் போலிருந்தது. சிரிக்கவில்லை. “அனிற்றாவுக்கு எப்போது பதினெட்டு?”

“நவம்பர்,” என்றார் ஏர்னஸ்ற். வீட்டில் சொல்லாத சொல் வாயில் புதிதாக இருந்தது.

“காரைத் திருப்பு. அவர்களிடம் போ.”

“சின்யோரா சாப்பிட வேணும், படுக்க வேணும். பிரஷர் இறங்கும்.”

“என் பிரஷரை நான் பார்த்துக்கொள்கிறேன். முன்னால் உட்கார வை.”

வழக்கமாக அவர் பின்சீற்றில் தலையணையோடு சாய்ந்து வருவார். இப்போது பிறின்ஸ் பின்னால் போய்த் தலையணையை மடியில் வைத்துக்கொண்டான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தைத் தாண்டி, வந்த வழியே திரும்பி, பாலத்தை நெருங்கினார்கள். இருவரும் இன்னும் நின்றார்கள். ஏர்னஸ்ற் தானாகவே வேகத்தைக் குறைத்தார், தட்டுக்குக் காத்திருந்தார். மூத்தவர் பாண்டாவைப் பார்த்தார். முன்கண்ணாடிக்குள் இருந்த வெள்ளைத் தலையைப் பார்த்தார். தட்டு தொடையோடு ஒட்டியபடியே இருந்தது. கார் கடந்து போய்விட்டது.

“அவர்கள் ஏன் நிறுத்தவில்லை?” என்றார் சின்யோரா.

ஏர்னஸ்ற் கியரை மாற்றினார்.

“சுற்றிவா. இன்னும் மெதுவாக.”

சுற்றி வந்தார்கள். இந்த முறை நடைவேகம். பின்னால் ஒருவன் ஹோன் அடித்தான். மூத்தவர் தட்டை எடுத்தார். ஏர்னஸ்றின் கால் பிரேக்கைத் தொட்டது. ஆனால் அது நிற்கச் சொல்லும் தட்டு இல்லை. போங்கள், போங்கள், வழி விடுங்கள் என்று அதைக் காற்றில் வீசினார்.

மூன்றாம் முறை ஏர்னஸ்ற் சிக்னல் போட்டுத் தானே ஓரங்கட்டினார்.

“விசரே அத்தான்?” என்றான் பிறின்ஸ். “உலகத்திலை வலியப்போய் மறிபட்ட முதல் ஆள் நீங்கள்தான்.”

ஏர்னஸ்ற் எஞ்சினை நிறுத்தினார். கைகள் தாமாகவே ஸ்ரியறிங்கின் மேல் போய் உட்கார்ந்தன. மூத்தவர் அவருடைய பக்கம் வரவில்லை. சின்யோராவின் பக்கம் வந்து குனிந்தார். “ஏதாவது உதவி வேண்டுமா, சின்யோரா?” நீங்கள் என்றார்.

“இது என் கார்,” என்றார் சின்யோரா. “இவன் வேறு எதுவும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக ‘சாப்பிடவில்லையா’ என்று இவனைக் கேட்கிறேன். ‘சீ’ என்பான். சாப்பிடவில்லை என்று அர்த்தம். முதல் மாதம் இவனைப் பட்டினி போட்டேன், பிறகு விளங்கிக்கொண்டேன். நீங்கள் ஒரு தரம் திருப்பிக் கேட்டிருக்கலாம்.”

“நாங்கள் எங்கள் வேலையைத்தான்—”

“இப்போது இரண்டு தரம் உங்கள் மூக்குக்கு முன்னால் போனோம். அதே கார், அதே ஓட்டுநர். நிறுத்தவில்லை. முதலில் இவனை நிறத்தைப் பார்த்து நிறுத்தவில்லையே?”

“நோ, சின்யோரா,” என்றார் மூத்தவர்.

இளம்பெண் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய் ஒரு தாள் எடுத்துவந்தாள். கார் உரிமையாளரின் வாக்குமூலம் என்று தலைப்பிட்டு, சின்யோரா சொல்லச் சொல்ல எழுதினாள். வலது கையில் கட்டு இருந்ததால் சின்யோரா இடது கையால் கையெழுத்து வைத்தார். அது ஒரு சிறு பிள்ளையின் கிறுக்கல் போல விழுந்தது.

“இது அதனோடு சேர்ந்து போகும்,” என்றாள் அவள் ஏர்னஸ்றிடம்.

“சேர்ந்து போனால் அதை நிறுத்துமா?”

அவள் யோசித்தாள். “தெரியாது. அதைத் தீர்ப்பது நாங்கள் இல்லை.” பொய் சொல்லாமல் சொன்னாள் என்று ஏர்னஸ்றுக்குப் பட்டது. அதற்கு நன்றி சொல்வதா என்று தெரியாமல் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். அங்கே ஏற்கெனவே மற்றத் தாள் இருந்தது.

கார் நகர்ந்ததும் பின்னாலிருந்து பிறின்ஸ் தொடங்கினான். “அத்தான், கவனிச்சியளோ? நிறத்தைப் பாத்து நிப்பாட்டேல்லைத்தானே எண்டு சின்யோரா கேட்டவா. அவன் நோ எண்டான். எங்கடை கணக்கிலை அப்பிடியில்லை, நிறத்தைப் பாத்துத்தான் எண்டெல்லோ வரும். ஆள் ஒத்துக்கொண்டிட்டான்.”

ஏர்னஸ்றுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கால் ஒரு காற்றாக வந்து நின்றுவிட்டது. “அவன்ரை சீயும் நோவும் அவன்ரை பாசையிலைதான் எழுதுப்படும்,” என்றார். “எங்கடையும் அவன்ரை பாசையிலைதான் எழுதுப்படும்.”

கைபேசி அடித்தது. கிளறா. எடுக்கவில்லை. என்ன சொல்வது? ஒன்றும் நடக்கவில்லையே என்றுதான் அவள் கேட்பாள். அதற்குத் தமிழில்கூட ஓம் சொல்ல முடியாது, இல்லை சொல்ல முடியாது. மறுபடி அடித்தது. பிறகு ஓய்ந்தது.

சின்யோரா தூங்கிவிட்டார். வாய் சிறிது திறந்திருந்தது. பட்டி தோளில் இறுக, உடல் சரிந்து சரிந்து சீற்றின் அடிக்குள் இறங்கியிருந்தது. ஏர்னஸ்ற் அவர் மூச்சைக் கவனித்தார். ஒழுங்காக இருந்தது. வீட்டுக்கு இன்னும் கால்மணித்தியாலம். அங்கே சூப் கொதிக்கவைக்க வேண்டும், மருந்து கொடுக்க வேண்டும், பிறகு கிளறாவுக்கு எடுக்க வேண்டும்.

ஸ்தாசியோனே சென்ட்ராலேக்கு முன்னால் சிவப்பு விளக்கு விழுந்தது. சந்தியின் மறுகரையில் ஒரு கார் நின்றது. அதன் மேலே நீல விளக்கு. பக்கத்தில் சீருடையில் ஒருவர் நின்று ஒரு சிவப்பு வட்டத் தட்டைத் தன் சப்பாத்தில் தட்டிக்கொண்டிருந்தார்.

ஏர்னஸ்ற் பக்கத்துச் சீற்றைப் பார்த்தார். ஜன்னல் விளிம்புக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இந்தக் காரில் அவரும் பிறின்ஸும் மட்டும்தான்.

“பிறின்ஸ்,” என்றார். “சின்யோரான்ரை சீற்றைக் கொஞ்சம் நிமித்து.”

“நித்திரை கொள்ளட்டும் அத்தான். பாவம், களைச்சுப்போனா.”

“நிமித்தடா. தலை வெளியிலை தெரியவேணும்.”

பிறின்ஸ் பகிடி ஒன்றும் விடவில்லை. தலையணையை ஒதுக்கிவிட்டுக் குனிந்து, சீற்றின் பக்கத்துத் திருகைத் தேடிப் பிடித்து, மெல்ல மெல்லத் திருப்பினான். சின்யோரா தூக்கத்தில் எதையோ முனகினார். வெள்ளை முடி கண்ணாடியின் விளிம்புக்கு மேலே கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது.

விளக்குப் பச்சையானது.